விசைக்குப் பழகிய விரல்

ஒரே ஆள் சுட்ட அட்டையில் இரண்டு பேர் சுட்ட மாதிரி ஓட்டைகள் இருந்தன.

வசந்தாமணி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பத்துக் குண்டுகளில் ஐந்து மேலே இடது ஓரத்தில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மீதி ஐந்து கீழே வலது ஓரத்தில், அதே நெருக்கத்தில். நடு வட்டத்தை ஒன்றுகூடத் தொடவில்லை. கை நடுங்கினால் குண்டுகள் சிதறும். அது அவளுக்குத் தெரிந்த வியாதி. இது புது வியாதி. கெட்டிக்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கோர் இடத்தைக் குறி வைத்து மாறி மாறிச் சுட்டது போல இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் துப்பாக்கிக் கிளப்பின் கடைசி மேடையில் அவளைத் தவிர வேறு யாரும் நிற்கவில்லை.

வசந்தாமணிக்கு நாற்பத்து மூன்று வயது. கோயமுத்தூர் கணபதியில் ஆக்சிஜன் வால்வு செய்யும் ஒரு பட்டறையில் இருபது வருடமாக அளவு பார்க்கிறவள். வாரத்தில் ஆறு நாள் பட்டறைக்கு, ஏழாவது நாள் ஏர் பிஸ்டலுக்கு. காற்றழுத்தத்தில் மிளகு அளவு ஈயக் குண்டைத் துப்பும் அந்தக் கைத்துப்பாக்கியால், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையை அறுபது முறை சுட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

சுடுகிறவரின் கையைக் கற்றுக்கொண்டு அதோடு பழகும் பாகங்கள் சந்தைக்கு வந்த பிறகு அந்த விளையாட்டே தலைகீழாகிவிட்டது. முழு செட் வாங்க வசதி இல்லாதவர்கள் பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்தார்கள். வசந்தாமணியின் துப்பாக்கிக்கு உடம்பு இருபது வருடப் பழசு. பிடி புனேயில் செய்தது. ட்ரிகர் என்று எல்லோரும் சொல்லும் விசை எந்தக் கம்பெனியுடையது என்றே தெரியாது. ஏதோ ஒரு கிளப்பைக் காலி செய்தபோது கிடைத்த பெட்டியில் வந்தது. ஒன்றின் திருகு ஓட்டை இன்னொன்றின் ஓட்டைக்கு ஒன்றரை மில்லி தள்ளி நின்றது. அவள் பித்தளைத் தகடு வெட்டி, அரத்தால் ராவி, இடுக்குகளில் செருகி, மூன்று ஊர்ச் சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டாள். உட்கார்ந்தார்களே தவிர, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை என்பது அட்டையில் தெரிந்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு நேராக உக்கடத்துக்குப் போனாள். இம்தியாஸ் பாய் அங்கேதான் கடை வைத்திருந்தார். கேமரா, ட்ரோன், ஏர் பிஸ்டல் என்று எதன் பழைய பாகம் வேண்டுமானாலும் அவரிடம் கிடைக்கும். வசந்தாமணியின் பிடியும் ட்ரிகரும் அவரிடம் வாங்கியவைதான். அட்டையைப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

“பிடி உங்க நடுக்கத்தக் கத்துக்கும்மா. நீங்க இடப்பக்கம் ஆடினா அது வலப்பக்கம் இறுகும். ட்ரிகர் உங்க விரலக் கத்துக்கும். சும்மா தொட்டுட்டு இருக்குதா, நெசமாவே சுடப் போகுதான்னு அதுக்குத் தெரியும். இது ரெண்டும் ஒரே ஆளுகிட்டப் பழகியிருந்தாத் தேவல. உங்களுது அப்படி இல்ல. பிடி ஒரு நேரம் சொல்லுது, ட்ரிகர் வேற நேரம் சொல்லுது. நீங்க நடுவுல நின்னு முழிக்கறீங்க.”

பழைய ஆளின் பழக்கத்தை அழித்தாயிற்றா என்று அவள் கேட்டாள். பிடியைத் தன் கையாலேயே அழித்ததாகச் சொன்னார். ட்ரிகர் அழித்துத்தான் வந்தது என்றார். கொஞ்சம் யோசித்து, அழித்ததாகச் சொல்லித்தான் வந்தது என்று திருத்திக்கொண்டார். வேண்டுமானால் வேறு ட்ரிகர் பார்த்துத் தருகிறேன் என்றார்.

அங்கேதான் வசந்தாமணி அந்தத் தப்பைச் செய்தாள். கணபதிப் பட்டறைக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அவள் பட்டறையில் வால்வும் அது உட்காரும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். நடுவே உரசும் பொடி கலந்த பசையைத் தடவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, அரை மணி நேரம் கையால் திருகித் திருகித் தேய்ப்பார்கள். லேப்பிங் என்று பெயர். மேடாக இருப்பது தேயும். கடைசியில் இரண்டும் சொட்டுக் காற்று போகாமல் உட்கார்ந்துவிடும். பொருந்தாததைப் பொருத்த அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

“மாத்த வேண்டாம் பாய். ஓட விட்டாத் தானா உக்காந்துக்கும். பத்தாயிரம் குண்டு போகட்டும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எடம் விட்டுக் குடுத்துரும் பாருங்க,” என்றாள்.

பத்தாயிரம் குண்டு என்பது நாலு மாதமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை போதாமல் பட்டறை விட்டதும் கிளப்புக்குப் போனாள். முதல் மாதம் ட்ரிகர் அவளைப் பாடாய்ப் படுத்தியது. விரலை அழுத்துவாள், அது கொடுக்காது. ஏன் கொடுக்கவில்லை என்று தெரியாமல் விட்டுவிடப் போகும்போது கொடுத்துவிடும். எதிரே இருப்பவர் பேச்சை முடித்துவிட்டாரா என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடுகிற சங்கடம் அது. இரண்டாவது மாதம் அட்டையில் அந்த இரண்டு ஓட்டைக் கூட்டங்களும் ஒன்றையொன்று நோக்கி நகர ஆரம்பித்தன. மூன்றாவது மாதம் கலந்தன. நாலாவது மாதம் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று எடுத்து, மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கினாள். கிளப் செயலாளர் தன் கையால் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் அப்படி யாருக்கும் வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அதே வாரம் பட்டறையில் முதல் புகார் வந்தது.

மருத்துவமனை ஆக்சிஜன் குழாயில் போகும் வால்வுக்குள் மெல்லிய பித்தளைக் குழல் ஒன்று உண்டு. காகிதம் போலச் சுவர். கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருப்பதால் ஒளியால் அளக்கும் கருவி ஏமாந்துவிடும். தொட்டு அளக்கும் இயந்திரமோ குழலை நசுக்கிவிடும். அதனால் அந்த ஒரு குழலை மட்டும் இன்னமும் மனிதக் கைதான் மைக்ரோமீட்டரால் அளந்தது. குழலை நசுக்காமல் தொட்டவுடன் நிறுத்தத் தெரிந்த கை. பட்டறையில் அது ஒரே ஒரு கைதான். அவள் முத்திரை குத்தாத குழல் வெளியே போகாது.

முதலாளியின் மகன் ரங்கதுரை அவளைத் தனியாகக் கூப்பிட்டான். அவள் சேர்ந்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தவன். அதனால் பேசுவதற்குமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். அவள் கழித்துப் போட்ட முப்பத்தொரு குழல்களும் சரியான அளவு என்று, குழலுக்கு ஒரு நாள் எடுத்து அளக்கும் பரிசோதனைக் கூடம் சொல்கிறதாம். அதுகூடப் பரவாயில்லை. அவள் முத்திரை குத்திய ஆறு குழல்கள் பருமன் அதிகமாம். நாலு மைக்ரான். மில்லியில் ஆயிரத்தில் நாலு பங்குதான், ஆனால் அவளுடைய எல்லா அளவும் அவ்வளவு குறைவாகவே வருகிறதாம்.

“மைக்ரோமீட்டரப் பாத்தீங்களா தம்பி?”

“மூணு மாத்திப் பாத்தாச்சுங்க்கா. உங்க கையில வந்தா மட்டுந்தான் தப்பா வருது.” அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நான் சொல்லலீங்க்கா, லேப் சொல்லுது. ஆஸ்பத்திரிச் சாமான். இறுகிப் போயி நடுவுல நின்னுச்சுன்னா உள்ள படுத்திருக்கறவனுக்குக் காத்து நிக்கும். இப்போதைக்கு முத்திரைய எங்கிட்டக் குடுத்துருங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சோதனை வெக்கறேன். அதுலயும் இப்படியே வந்தா பேக்கிங்குக்குத்தான் போகணும்.”

முத்திரையை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பேக்கிங்கில் வேலை செய்வது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் இருபது வருடத்தில் அவளிடம் சொந்தம் என்று சேர்ந்தது அந்தக் கை ஒன்றுதான். அது எப்படித் தவறியது? வயதா, கண்ணா, சர்க்கரையா? எல்லாப் பரிசோதனையும் செய்தாள். எல்லாம் சரியாக இருந்தது. துப்பாக்கியில் அந்தக் கை முன்னெப்போதையும்விட நன்றாக இருந்தது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

வீட்டில் அவள் கணவன் கதிர்வேல் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தான். அவள் ஸ்கூட்டர் சாவியைத் திருகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவன், ஏன் எல்லாவற்றையும் நின்று நின்று செய்கிறாய் என்று கேட்டான். குழாய் மூடும்போதும் அப்படித்தான், டப்பா மூடும்போதும் அப்படித்தான். பாதியில் நிறுத்தி, எதையோ கேட்கிற மாதிரி காத்திருந்து, அப்புறம் இறுக்குகிறாளாம்.

“நீ மூடின பாட்டில என்னாலயே தெறக்க முடியலயே, தெரியுமா?” என்றான்.

அவளுக்குத் தெரியாது.

மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுப்பவர்கள் பாகங்களைப் படிக்கும் கருவியில் வைத்துச் சான்று வாங்க வேண்டும். அதற்காக இம்தியாஸ் பாயிடம் போனபோது மத்தியானம். அவர் பிடியையும் ட்ரிகரையும் கழற்றி, கருவியில் மாட்டினார். ஒவ்வொரு பாகமும் தான் கற்றுக்கொண்ட கையைத் திரையில் ஒரு கோடாக வரைந்து காட்டும். பிடியின் கோடு பச்சை. ட்ரிகரின் கோடு சிவப்பு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று அச்சு மாதிரி படிந்திருந்தன.

வசந்தாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லேப்பிங் பலித்துவிட்டது என்றாள். பாய் பழைய கோப்புகளைத் தேடி, அந்த ட்ரிகர் தன் கடைக்கு வந்த அன்று கருவி தானாகப் பதிந்து, தான் இதுவரை பார்க்காமலே விட்டிருந்த கோட்டைத் திறந்தார். அதையும் சிவப்பின் மேல் வைத்தார். மூன்றாவது கோடு கண்ணுக்கே தெரியவில்லை. அதுவும் அச்சாகப் படிந்துவிட்டது.

“ட்ரிகர் நகரவே இல்லம்மா,” என்றார். “நாலு மாசத்துல ஒரு மயிரிழைகூட நகரல. பழைய ஆளு அழிக்கல, பூட்டி வெச்சிருக்காரு. பூட்டினா அது புதுசா எதையும் கத்துக்காது. அந்தத் தட்டுல உங்க விரல மட்டும் வெச்சு அழுத்துங்க.”

அழுத்தினாள். துப்பாக்கி இல்லை, பிடி இல்லை, வெறும் தட்டு, வெறும் விரல். திரையில் ஒரு நீலக் கோடு ஏறியது. முதலில் லேசான ஏற்றம். பிறகு ஒரு சமதளம், விரல் எதற்காகவோ காத்திருக்கும் இடம். கடைசியில் ஒரு சின்ன இறுக்கல். நீலம் சிவப்பின் மேல் போய்ப் படிந்தது.

அந்தக் கடைசி இறுக்கலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு மைக்ரான் எங்கே போனது என்று இப்போது தெரிந்தது. குழலைத் தொட்டவுடன் நிற்க வேண்டிய விரல், நின்று, காத்திருந்து, மயிரிழை அளவு இறுக்கியிருக்கிறது.

“லேப்பிங்ல ரெண்டும் தேயும்னு நெனச்சேன் பாய்,” என்றாள் மெதுவாக. “ஒண்ணு ரொம்பக் கெட்டியா இருந்துட்டா அது தேயாது. மெத்துன்னு இருக்கறதுதான் தேயும். மூணுல மெத்துன்னு இருந்தது என்ற விரல்தானுங்க.”

பிடி அவளைக் கற்றுக்கொண்டது. அவள் ட்ரிகரைக் கற்றுக்கொண்டாள். ட்ரிகர் யாரையும் கற்றுக்கொள்ளவில்லை.

பூட்டைத் திறக்கும் எண் பழைய சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும். கிளப் பெட்டியோடு வந்த காகிதங்களைக் கிளறி, பாய் ஒரு பெயரைக் கண்டுபிடித்தார். ஸ்டீபன் ஞானராஜ், குன்னூர்.

அடுத்த ஞாயிறு குன்னூரில் வெயிலும் சாரலும் மாறி மாறி அடித்தன. ஞானராஜ் தாமே கதவைத் திறந்தார். எழுபதை நெருங்கிய, வற்றிய உடம்பு. வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். வணக்கம் சொல்ல வெளியே எடுத்தபோது அது காற்றில் படபடத்தது. முப்பத்து நாலு வருடம் மலை ரயிலில் பிரேக் பிடித்தவராம். அந்த ரயிலில் பெட்டிக்குப் பெட்டி ஓர் ஆள் நின்று, விசில் கேட்டுக் கையால் பிரேக்கை இறுக்க வேண்டும். வேலை முடிந்தால் துப்பாக்கிக் கிளப்.

அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் மேசை மேல் ஒரு பழைய பாட்டிலை வைத்து, மூடச் சொன்னார். மூடினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார்.

“முதல்ல தொய்வை எடுப்பேன்,” என்றார். “அப்புறம் நிப்பேன். பெட்டியோட பாரம் கைக்கு வந்து ஏறணும். ஏறினது தெரிஞ்சதும் ஒரு பொட்டு இறுக்குவேன். அதிகமா இறுக்கினா சக்கரம் வழுக்கும், விட்டா பெட்டி ஓடும். துப்பாக்கியில சுடும்போதும் அதேதான். எனக்கு வேற மாதிரி தெரியாது.”

“பூட்டி வெச்சிருக்கறத ஏனுங்க சொல்லல?”

“கை நடுங்க ஆரம்பிச்சிருச்சும்மா. அந்த நடுக்கத்தையும் அது கத்துக்கும். அதுக்கு முன்னாடி இருந்த கை ஒரு இடத்துலயாவது இருக்கட்டும்னு பூட்டினேன். சொல்லியிருந்தா யாரும் வாங்கியிருக்க மாட்டாங்க. அலமாரியிலயே கிடந்து செத்திருக்கும்.” பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “உங்க கைய எடுத்துக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வித்திருப்பேனோ என்னமோ. அதுதான் உண்மை.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்த கோபம் யார் மேல் என்று தெரியாமல் நின்றுவிட்டது. “என்ற கைய எனக்குத் திருப்பிக் குடுங்க,” என்று கேட்டாள். கேட்டபின் அந்த வாக்கியம் அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

ஞானராஜ் எண்ணைச் சொல்லிவிட்டார். ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. அதைப் போட்டுப் பூட்டைத் திறந்தாள். பழையது அழிந்து, இனி ட்ரிகர் அவளைக் கற்றுக்கொள்ளும். அவள் கையை அது பிடித்துக்கொண்டால் அதை வைத்தே பழையபடி திரும்பிவிடலாம் என்பது இருவரின் கணக்கு. தோட்டத்து மதில் மேல் அட்டையை நிறுத்தி, கொண்டுவந்திருந்த துப்பாக்கியால் முப்பது குண்டு சுட்டாள். அவர் அட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது குண்டில் அவள் தோள் லேசாக ஏறியபோது, “அது என்னோட தப்பு. எனக்கும் தோள் அப்படித்தான் ஏறும். கடைசி வரைக்கும் திருந்தல,” என்றார். குரலில் வெட்கமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

பாய் கொடுத்தனுப்பிய சின்னக் கருவியில் ட்ரிகரை மாட்டிப் பார்த்தார்கள். புதிதாகக் கற்றுக்கொண்ட கோடு திரையில் ஏறியது. ஏற்றம், சமதளம், ஒரு பொட்டு இறுக்கல். பாய் அந்தக் கருவியிலேயே ஏற்றி அனுப்பியிருந்த பழைய கோட்டின் மேல் போய்ப் படிந்தது.

ஞானராஜ் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அழித்தது எது, எழுதியது எது என்று இருவருக்கும் விளங்கவில்லை. ட்ரிகர் அவளைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. அவளிடம் இருந்ததுதான் அவர் கை.

“அப்ப என்ற கை எங்கீங்க இருக்குது?” என்றாள்.

அதை யாரும் பதிந்து வைக்கவில்லை. அளவு சரியாக இருந்த காலத்தில், அந்தக் கையை எதற்குப் பதிய வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ட்ரிகரை மேசை மேலேயே வைத்துவிட்டு எழுந்தாள். எடுத்துக்கொண்டு போகும்படி அவர் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, நடுங்கும் கையால் அவள் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு விட்டார். தன் பொருளை அடகுக்கடையில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு வசந்தாமணி துப்பாக்கியைத் தொடவில்லை. மாநிலப் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். வீட்டில் மைக்ரோமீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, அளவு தெரிந்த பழைய குழல்களை அளந்து அளந்து பார்த்தாள். முதல் வாரம் நாலு மைக்ரான் தவறியது. மூன்றாவது வாரம் மூன்று. விரலிடம், நில், நின்றது போதும், இறுக்காதே என்று வாய்விட்டே சொன்னாள். கதிர்வேல் யாரோடு பேசுகிறாய் என்று கேட்டான். அது தனக்கும் தெரியவில்லை என்றாள்.

இரண்டு மாதம் முடிந்த திங்கட்கிழமை, ரங்கதுரை இருபத்தைந்து குழல்களை மேசையில் பரப்பினான். ஒவ்வொன்றின் அளவும் பரிசோதனைக் கூடத்தின் உறையில் மூடியிருந்தது. வசந்தாமணி துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக எடுத்தாள். திருகினாள். விரல் நின்றது. அந்த ட்ரிகர் வருவதற்குமுன் ஒருநாளும் இப்படிக் காத்து நின்று அளந்தவள் இல்லை. இப்போது நின்றது, எதையோ கேட்டது, குழலின் மெல்லிய சுவர் கைக்கு வந்து ஏறும்வரை காத்திருந்தது. பிறகு இறுக்காமல் விட்டது. அவள் எண்ணை எழுதினாள். இருபத்தைந்துக்கும் அப்படித்தான்.

ரங்கதுரை உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். அவன் விரல் கீழே போகப் போக முகம் மலர்ந்தது. இருபத்தைந்தும் சரி. இரண்டு குழல்களில், கூடத்துக்காரர்கள் அரை மைக்ரான் கூடலாம் என்று ஓரத்தில் குறித்து விட்டிருந்ததைக்கூட அவள் பிடித்திருந்தாள். முன்பு அவள் இவ்வளவு நுணுக்கமாக அளந்ததே இல்லை.

“உங்க பழைய கை வந்துருச்சுங்க்கா,” என்று முத்திரையை அவள் பக்கம் நகர்த்தினான். அவன் குரலில் பெரிய பாரம் இறங்கியிருந்தது.

வசந்தாமணி முத்திரையை எடுத்துக்கொண்டாள். ஆமாங்க தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது பழைய வசந்தாமணியா, அல்லது குன்னூர் ஞானராஜ் கடைசியில் குழல் அளக்கக் கற்றுக்கொண்டுவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் உலகத்தில் ஆள் இல்லை. முதல் குழலைத் தாங்கியில் வைத்து, முத்திரையைப் பொருத்தி, கொஞ்சம் நின்று, குத்தினாள்.